பிள்ளையின் இனிஷியல் யார் கையில்? விவாகரத்துக்குப் பிறகு பெயர் மாற்றம் பற்றி ஓர் எளிய விளக்கம்

"விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. இனி பிள்ளைக்கு என் இனிஷியலைப் போட்டுக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை." இது ஒரு பேச்சு. "அப்பா உயிரோடு இருக்கும்வரை எந்தக் கோர்ட்டாலும் பிள்ளையின் இனிஷியலை மாற்ற முடியாது." இது அதற்கு நேர் எதிரான பேச்சு. "இனிஷியலை மாற்றினால் அப்பா வீட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்குப் பங்கு கிடைக்காது." இது மூன்றாவது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நீலகிரியில் எந்த ஊரில் விசாரித்தாலும் இந்த மூன்றில் ஒன்றை யாராவது அடித்துச் சொல்வார்கள். மூன்றுமே சரியல்ல.

இந்தப் பேச்சுகளை நம்பி அவசரப்பட்டு எழுதிவிடுவது பெரியவர்கள். பின்னால் அலைவது பிள்ளை. பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறொரு பெயர் என்று ஆகிவிட்டால் கல்லூரிச் சேர்க்கை, கல்விக்கடன், வேலை என ஒவ்வொரு வாசலிலும் "இது நீதானா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் படிவங்களைக் கையாளும் வேலையில் இருப்பதால் இந்தச் சிக்கலை நான் அடிக்கடி பார்க்கிறேன். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன் ஒரு தாயோ தந்தையோ அடிப்படையைத் தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர்ப்பலகை, பட்டா, சாவி

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு பெயர்ப்பலகை தொங்குகிறது. தாலுகா அலுவலகத்தில் அந்த நிலத்துக்குப் பட்டா இருக்கிறது. வீட்டுச் சாவி யாரோ ஒருவரிடம் இருக்கிறது. பலகையை மாற்றினால் பட்டா மாறாது. சாவி வைத்திருப்பதால் மட்டும் பலகையை இஷ்டப்படி மாற்றும் உரிமை வந்துவிடாது. மூன்றும் ஒரே வீட்டைப் பற்றியவைதான், ஆனால் வெவ்வேறு.

பிள்ளையின் விஷயத்திலும் அப்படித்தான். இனிஷியல் அல்லது குடும்பப் பெயர் என்பது பலகை. இவர் இன்னாரின் பிள்ளை என்ற உறவு பட்டாவைப் போன்றது. பிள்ளை யாரோடு வாழ்கிறது என்பது சாவி. விவாகரத்தின்போது நீதிமன்றம் பெரும்பாலும் தீர்மானிப்பது சாவியைப் பற்றித்தான். அதற்குக் கஸ்டடி என்று பெயர்: பிள்ளையைத் தன்னோடு வைத்து அன்றாடம் வளர்க்கும் பொறுப்பு. தீர்ப்பில் கஸ்டடி தாய்க்கு என்று இருந்தால் சாவி தாயிடம் வந்திருக்கிறது என்று பொருள். பலகையைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லையென்றால், பலகை பழையபடியே இருக்கிறது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும். கணவன் மனைவி உறவுதான் விவாகரத்தில் முடிகிறது. தந்தை பிள்ளை உறவும் தாய் பிள்ளை உறவும் முடிவதில்லை. பிள்ளையின் பெயரும் தானாக மாறுவதில்லை.

இனிஷியல் எப்படிக் குடும்பப் பெயர் ஆகிறது

நமக்குப் பொதுவாகக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை சிவக்குமார், தாய் மாலதி, மகள் நிலா. பள்ளியில் அவள் சி. நிலா. இனிஷியலை மாற்றினால் மா. நிலா. ஓர் எழுத்துதானே என்று தோன்றும்.

ஆனால் ஊட்டியிலோ குன்னூரிலோ விடுதிப் பள்ளிப் படிவத்தை எடுத்துப் பாருங்கள், பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பாருங்கள். முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தில் நாம் தந்தை பெயரை எழுதி நிரப்பிவிடுகிறோம். அந்த நொடியில் சி. நிலா, நிலா சிவக்குமார் ஆகிவிடுகிறாள். ஓர் எழுத்தாக இருந்தது முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயரின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளக் குடும்பங்களில் வீட்டுப் பெயரும் சேர்வதால் இன்னும் நீளும். எனவே நீதிமன்றத் தீர்ப்புகளில் குடும்பப் பெயர் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் நம் இனிஷியலுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தாயின் பெயரை இனிஷியலாக வைக்கக்கூடாது என்று சட்டம் எங்கும் தடுக்கவில்லை. யார் முடிவெடுப்பது, எப்படி எடுப்பது என்பதில்தான் கேள்வி இருக்கிறது.

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்

பலர் இதைச் செய்வதே இல்லை. நேராக "பிறப்புச் சான்றிதழில் பெயர் மாற்ற வேண்டும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் வெறும் நிலா என்றுதான் இருக்கும். தந்தை பெயருக்கும் தாய் பெயருக்கும் தனித்தனி இடங்கள் உண்டு. இனிஷியல் அதில் இருக்கவே இருக்காது. அப்படியானால் அந்தச் சான்றிதழில் மாற்ற ஒன்றுமே இல்லை. இனிஷியல் பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் மட்டும் இருக்கிறது என்றால் வேலை பெரிதும் சுருங்கிவிடும்.

சான்றிதழில் குடும்பப் பெயரும் சேர்ந்து பதிவாகியிருந்தால் கதை வேறு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவில் தவறு இருந்தாலோ, முறைகேடாகப் பதியப்பட்டிருந்தாலோ திருத்தலாம் என்கிறது. அப்போதும் பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் குறிப்பு எழுதி, பதிவாளர் தேதியிட்டுக் கையெழுத்திடுவார். விவாகரத்து என்பது பதிவில் நேர்ந்த தவறு அல்ல. குழந்தை பிறந்த அன்று அந்தத் தந்தைதான் தந்தை. ஆகவே "பிரிந்துவிட்டோம், அவர் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் பதிவாளரால் செய்ய முடியாது. அவர் இரக்கமில்லாமல் மறுப்பதாக நினைக்கிறார்கள். சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் அவ்வளவுதான்.

எஸ்டேட் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. 4 ஹெக்டேருக்குக் குறையாத தேயிலை, காப்பி, மிளகு, சின்கோனா போன்ற தோட்டங்களில் நிகழும் பிறப்புகளைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பை அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு தோட்டக் கண்காணிப்பாளரிடம் கொடுத்திருக்கிறது. எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்த பிள்ளைகளின் விவரம் அந்த வழியாகப் போயிருக்கலாம். தந்தை பெயரின் எழுத்து பிசகியிருப்பது, கூப்பிடும் பெயரே பதிவாகியிருப்பது போன்றவற்றை உண்மையான தவறு என்று காட்டித் திருத்த முடியும். பெயர் மாற்றத்துக்கு முன்பு இதைச் சரிசெய்துகொள்வது நல்லது. 1.10.2023 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்குமான ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், வரும் நாட்களில் அதன் எடை இன்னும் கூடும்.

இதுவரை பார்த்தது: விவாகரத்து மட்டும் பெயரை மாற்றாது, கஸ்டடியும் மாற்றாது. பிறப்புப் பதிவில் தந்தை பெயர் இருக்கும் இடமும் பிள்ளையின் இனிஷியலும் வெவ்வேறு. முன்னது மாறுவது மிக அரிது, பின்னது மாறலாம்.

காப்பாளர் என்பவர் யார்

18 வயது நிரம்பாத பிள்ளை தானே விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள முடியாது. அதற்காக ஒருவர் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றம் நியமிக்காமலேயே, பெற்றவர் என்ற முறையில் அப்படிக் கையெழுத்திடத் தகுதி உள்ளவரை இயற்கைக் காப்பாளர் என்கிறார்கள்.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை, "அவருக்குப் பின்" தாய் என்கிறது. 5 வயது நிரம்பாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "அவருக்குப் பின்" என்பதைத் தந்தை இறந்த பின் என்றே நெடுங்காலம் படித்துவந்தார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருக்கும்போதும் அவர் பிள்ளையின் பொறுப்பை ஏற்காமல் ஒதுங்கியிருந்தாலோ, இருவரும் ஒத்துக்கொண்டு தாயிடம் விட்டிருந்தாலோ, அவரால் இயலாத நிலை இருந்தாலோ தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று விளக்கம் தந்தது.

இந்தத் தீர்ப்பு தாய்க்குக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் கஸ்டடி தாயிடம் இருந்தும், மாதாமாதம் வந்து பிள்ளையைப் பார்க்கிற, பள்ளிக் கட்டணம் கட்டுகிற தந்தை ஒதுங்கிப்போனவர் ஆக மாட்டார். அவருடைய காப்பாளர் நிலை விவாகரத்தோடு அழிவதில்லை. அவரைக் கேட்காமல் பெயரை மாற்றினால் அவர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும்.

நீலகிரிக்கென்று இங்கே ஒரு விவரம் இருக்கிறது. 1956 சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் காப்பாளர் பிரச்சினை வந்தால் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின் வழியே போக வேண்டும். கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் இந்த 1890 சட்டம் உண்டு. படுகர் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால் இந்துக்களான படுகர் குடும்பங்களுக்கு 1956 சட்டமே பொருந்தும். வழக்கறிஞரிடம் போனதும் முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தவறான சட்டத்தின் கீழ் மனு போட்டு நாளைக் கடத்துவதில் யாருக்கும் பயனில்லை.

2022 தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

"தாய்க்கே பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை: உச்ச நீதிமன்றம்." 2022 ஜூலையில் இப்படிச் செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, "விவாகரத்தான பெண்கள் இனி யாரையும் கேட்க வேண்டாம்" என்று அது உருமாறிவிட்டது. முதலில் சொன்ன பேச்சுக்கு வேர் இதுதான்.

அகெல்லா லலிதா வழக்கில் நடந்தது வேறு. 2006இல் அவர் கணவர் இறந்தார். கைக்குழந்தையோடு இருந்த அவர் 2007இல் மறுமணம் செய்துகொண்டார். இறந்த கணவரின் பெற்றோர் பேரப்பிள்ளைக்காக நீதிமன்றம் போனார்கள். ஆந்திர உயர் நீதிமன்றம் பிள்ளைக்குப் பழைய குடும்பப் பெயரையே திரும்ப வைக்கும்படியும், இப்போதைய கணவரை ஆவணங்களில் மாற்றாந்தந்தை என்று குறிக்கும்படியும் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளையின் ஆவணத்தில் அப்படி ஒரு சொல்லைப் பதிப்பது கொடுமைக்கு நிகரானது, அதன் மனத்தையும் தன்மதிப்பையும் பாதிக்கும் என்று நீதிபதிகள் கடுமையாகவே சொன்னார்கள். தந்தை இறந்துவிட்டதால் தாயே ஒரே இயற்கைக் காப்பாளர். எனவே குடும்பப் பெயரை அவரே தீர்மானிக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு.

தந்தை உயிரோடு இருந்து, விவாகரத்து மட்டும் ஆன குடும்பத்துக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் அதில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பெயர் என்பது வெறும் வம்சக் குறி அல்ல. பிள்ளை தான் வாழும் வீட்டில் ஒட்டி வாழ்வதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் நலனுக்காகப் பெயர் மாற்றம் கேட்கும் எவருக்கும் அந்த வாதம் உதவும்.

தந்தை உயிரோடு இருந்த வழக்குகளும் இருக்கின்றன. 2021இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தந்தை வந்தார். பிரிந்துபோன மனைவி மகளின் பெயரை மாற்றிவிட்டார், ஆவணங்களில் என் குடும்பப் பெயரே இருக்க வேண்டும் என்று கேட்டார். மகள் தந்தையின் சொத்து அல்ல, அவள் அந்தப் பெயரில் மகிழ்ச்சியாக இருந்தால் உங்களுக்கு என்ன சிரமம் என்று நீதிபதி கேட்டு, அந்த உத்தரவைத் தர மறுத்தார். நமக்குப் பக்கத்தில் கேரளத்தில் 2023இல் இன்னொன்று. பிரிந்து வாழும் பெற்றோர் பெயரில் ஒத்துப்போகாததால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் போனது. கேரள உயர் நீதிமன்றம் தானே பெயர் வைத்தது. குழந்தை தாயோடு வாழ்வதால் தாய் விரும்பிய பெயருக்கு முதலிடம், தந்தை யார் என்பதில் தகராறு இல்லாததால் அவர் பெயரும் பின்னால். எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 2025இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வில் ஒரு தாய், பிறப்புப் பதிவில் தன் பெயர் மட்டுமே இருக்க வேண்டும் என்று கேட்டார். கணவனும் மனைவியும் தங்கள் அகங்காரத்துக்காகப் பிள்ளையின் பிறப்புப் பதிவைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். டெல்லி வழக்கில் பேச்சு பலகையைப் பற்றி. இங்கே பட்டாவைப் பற்றி. விடை வேறுபட்டதில் வியப்பில்லை.

இருவரும் ஒத்துக்கொண்டால்

வேலை எளிது. பரஸ்பர சம்மத விவாகரத்து, அதாவது இருவரும் சேர்ந்தே கேட்கும் விவாகரத்து நடக்கும்போது, நிபந்தனைகளை எழுதுகிற அதே தாளில் பிள்ளையின் பெயரைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். இனிஷியல் யாருடையது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் யார் கையெழுத்திடுவது, பள்ளி மாற்றத்துக்கு மற்றவரைக் கேட்க வேண்டுமா. ஜீவனாம்சம் எவ்வளவு என்பதில் வாரக்கணக்காகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு வரியை மறந்துவிடுகிறார்கள். பிற்பாடு இருவரும் பேசும் நிலையில்கூட இல்லாதபோது அந்த வரிகளின் அருமை தெரியும். தீர்ப்பு ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தாலும் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின்படி பிள்ளையின் கஸ்டடி, பராமரிப்பு, கல்வி பற்றிய உத்தரவுகளை நீதிமன்றம் பின்னாலும் மாற்றலாம்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி, முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் பிரிந்தவர்கள் நம் மலையில் உண்டு. வழக்கத்தால் நிறுவப்பட்ட விவாகரத்தை இந்துத் திருமணச் சட்டம் மறுக்கவில்லை என்பது சரி. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும். பள்ளியோ பாஸ்போர்ட் அலுவலகமோ அந்தத் தாளை நீதிமன்றத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளையின் ஆவணங்களைத் தொடவேண்டிய தேவை இருந்தால் நீதிமன்ற உத்தரவு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஒத்துக்கொள்ளாவிட்டால்

குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். காப்பாளர் மனுவைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்கிறது 1890 சட்டம். தந்தை திருப்பூரில் இருந்தாலும் பிள்ளை கோத்தகிரியில் தாயோடு வளர்ந்தால் வழக்கு நீலகிரியில்தான். கீழே இறங்கி அலைய வேண்டியதில்லை.

தாய் ஜெயிப்பதா தந்தை ஜெயிப்பதா என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை. பிள்ளையின் நலனே முதன்மை என்று 1956 சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. 1890 சட்டத்தின் 17ஆம் பிரிவும் அதையே சொல்லி, சொந்தமாக யோசித்து விருப்பம் சொல்லும் வயது பிள்ளைக்கு இருந்தால் அதையும் கேட்கலாம் என்கிறது. எந்தப் பெயரில் பிள்ளை இத்தனை நாள் வளர்ந்தது, தந்தை தொடர்பில் இருக்கிறாரா, பராமரிப்புத் தொகை தருகிறாரா, மாற்றத்தால் பிள்ளைக்கு எது எளிதாகும் என்றெல்லாம் கேள்வி வரும். "அந்த ஆளின் எழுத்தே என் பிள்ளையோடு இருக்கக்கூடாது" என்பது ஒரு தாயின் வலி. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மனுவில் எழுத வேண்டியது பிள்ளையின் காரணம். வீட்டில் எல்லோருக்கும் ஓர் இனிஷியல், தனக்கு மட்டும் வேறு என்று பிள்ளை சங்கடப்படுவது, வருடக்கணக்காகத் தந்தை எட்டிப் பார்க்காதது, இவை நீதிமன்றத்துக்குப் புரியும்.

தந்தைகளுக்கும் ஒரு சொல். உங்களைக் கேட்காமல் பள்ளியில் இனிஷியல் மாற்றப்பட்டிருந்தால் பள்ளி வாசலில் சண்டை போடுவதால் ஒன்றும் ஆகாது. தலைமை ஆசிரியர் நீதிபதி அல்ல. எழுத்து மூலம் உங்கள் எதிர்ப்பைக் கொடுங்கள், நீதிமன்றத்தில் கேளுங்கள். பிள்ளை பார்க்கும்படி எதையும் செய்யாதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: இருவரும் சம்மதித்தால் எழுத்தில் பதியுங்கள். தந்தை இறந்திருந்தால் தாயே முடிவெடுக்கலாம். உயிரோடு இருந்து எதிர்த்தால் நீதிமன்றம், அங்கே அளவுகோல் பிள்ளையின் நலன்.

இனிஷியல் மாறினாலும் மாறாதவை

தோட்டப் பங்கு பற்றிய பயத்துக்கு இப்போது வருவோம். இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பங்களில் மகனும் மகளும் முதல் வகுப்பு வாரிசுகள். பிள்ளை என்பதால் வாரிசு, இனிஷியலால் அல்ல. மா. நிலா என்று எழுதினாலும் சிவக்குமாரின் மகள் என்ற உறவு மாறவில்லை. எனவே தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அரை ஏக்கர் பச்சைத் தேயிலைத் தோட்டமாக இருந்தாலும் அவளுக்குப் பங்கு உண்டு. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ள தந்தை பெயர்தான் கை கொடுக்கும். அதனால்தான் அந்தப் பெயரை அழிக்க வேண்டும் என்று துடிக்கும் தாய்மாரிடம், அது பிள்ளையின் சொத்து, விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வேன்.

பராமரிப்புத் தொகையும் அப்படியே. இனிஷியலை மாற்றியதால் இனிப் பணம் தர மாட்டேன் என்று தந்தை சொல்ல முடியாது. பிள்ளையைப் பராமரிக்கும் இந்தக் கடமை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்தது, 1.7.2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க நீதிமன்றம் தந்தைக்குக் கொடுத்த நாட்களும் ரத்தாவதில்லை. சாதிச் சான்றிதழும் இனிஷியலைப் பார்த்து மாறாது.

மறுமணமும் தத்தும்

தாய் மறுமணம் செய்துகொண்டு, புதுக் கணவரின் இனிஷியலைப் பிள்ளைக்குப் போட விரும்புவது உண்டு. 1956 காப்பாளர் சட்டத்தில் தந்தை என்ற சொல் மாற்றாந்தந்தையைக் குறிக்காது. அவர் எவ்வளவு அன்போடு வளர்த்தாலும் சட்டப்படி காப்பாளர் இல்லை. அவர் பிள்ளையைத் தத்தெடுத்தால் நிலைமை மாறும். தத்து என்பது பலகையை மாற்றுவது அல்ல, பட்டாவையே மாற்றுவது. பிறந்த தந்தையோடான சட்ட உறவு அறுந்து, புதுக் குடும்பத்தில் உறவு பிறக்கிறது. அதோடு அந்த வீட்டு வாரிசுரிமையும் போகிறது, தத்துக்கு முன்பே பிள்ளையின் பெயருக்கு வந்துவிட்ட சொத்து தவிர. பெற்ற தந்தை உயிரோடு இருந்தால் பொதுவாக அவர் சம்மதம் வேண்டும். அகெல்லா லலிதா வழக்கில் பிள்ளையை இரண்டாவது கணவர் 2019இல் தத்தெடுத்திருந்தார் என்பதும் நினைவில் இருக்கட்டும். இனிஷியல் மட்டும் போதும் என்றால் தத்து வரை போகாதீர்கள்.

எதை முதலில், எதைப் பிறகு

சம்மதக் கடிதமோ நீதிமன்ற உத்தரவோ கைக்கு வந்த பிறகு அரசிதழ். அரசு அறிவிப்புகளை வெளியிடும் அதிகாரபூர்வ இதழ் அது. தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடுகிறது. பிள்ளைக்காகக் காப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். அரசிதழில் வந்துவிட்டதால் தகராறு தீர்ந்துவிடாது என்பதை மறக்கக்கூடாது. இன்ன பெயர் இன்ன பெயராக மாறியது என்று ஊருக்கு அறிவிப்பதுதான் அதன் வேலை. தந்தையின் எதிர்ப்பை அது கரைக்காது.

அரசிதழ் நகல் வந்ததும் பள்ளிப் பதிவேடு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பு இதை முடித்துவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு, பிள்ளையின் வாழ்நாள் முழுதும் அந்தச் சான்றிதழ்தான் முன்னால் நிற்கும். எட்டாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள் என்பேன். பிறகு ஆதார். அதில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும் என்பதால் அவசரப்பட்டுப் பாதி வழியில் மாற்றி ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். அதன் பின் வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட்.

நீலகிரிக்குக் கோயம்புத்தூர் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம். பிள்ளைக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் இருவரின் ஒப்புதலையும் எதிர்பார்ப்பார்கள். ஒருவர் ஒப்புதல் கிடைக்காவிட்டால் காரணத்தைச் சொல்லி மற்றவர் உறுதிமொழி தரத் தனிப் படிவம் உண்டு. 2016 டிசம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டதால் தந்தை, தாய், காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயரைக் கொடுத்தாலே போதும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதை மறைக்காதீர்கள்.

18 வயது நெருங்கிவிட்ட பிள்ளையாக இருந்தால் காத்திருப்பதும் ஒரு வழி. அதன் பிறகு பெயரைப் பற்றி அந்தப் பிள்ளையே விண்ணப்பிக்கலாம், யாருடைய சம்மதமும் வேண்டாம். பதினாறு, பதினேழு வயதில் வழக்குப் போட்டுத் தேர்வு நேரத்தில் பிள்ளையை நீதிமன்றத்துக்கு அலைய வைப்பதைவிட அது மேல்.

பணமில்லை என்று தயங்குகிறவர்களுக்கு: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உதகையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், பள்ளியில் இப்போது எந்தப் பெயர் இருக்கிறது என்பதற்கான சான்று, இந்த மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தீர்ப்பில் பிள்ளையைப் பற்றிய பத்திகளைப் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொண்டால் வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.